ஏழாம் கேள்விக்கு ஒரு சம்பவம்

லிஃப்ட்காரருக்குக் காது இரண்டு என்று சொல்வது ஒரு கணக்குக்காகத்தான். உண்மையில் அவருக்கு உடம்பு முழுக்கக் காது. தரைத்தளத்தில் நின்று லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைத்தால் போதும். பதினாறாவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் எந்த பேரிங் முணுமுணுக்கிறது, கம்பிவடத்தில் எத்தனையாவது இழை நைந்திருக்கிறது, போன வாரம் எண்ணெய் விட்டவன் சாப்பிட்டுவிட்டு வந்தானா, வெறும் வயிற்றோடு வந்தானா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். கடைசியாகச் சொன்னதில் மட்டும் கொஞ்சம் மிகை உண்டு. மற்றதெல்லாம் உண்மை.

ஊரில் பெரிய கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பராமரித்தார். பத்தொன்பது வருடம். பராமரித்தது என்றால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்கியது இல்லை. இதை ஒவ்வொருவரிடமும் விளக்கி விளக்கியே அவருக்குப் பாதி ஆயுள் போயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனாரே, "நாள் பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வந்தா தலை சுத்தாதா மாப்பிள்ள?" என்று கேட்டவர். உள்ளே இருந்த பெண், கெமிஸ்ட்ரி டீச்சர், "அப்பா, அவர் எஞ்சினியர்ப்பா" என்று குரல் கொடுத்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரலுக்காகவே அவளைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டதாக இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

ஐந்து வருடம் ஆகப்போகிறது, இந்த நாட்டுக்கு வந்து. அழைத்தது மச்சான், மனைவியின் அண்ணன், இங்கே பதினெட்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர். கையில் தொழில் உள்ளவர்களை இங்கே விமானத்தின் படிக்கட்டிலேயே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று போனில் சொன்னார். விமானம் இறங்கியது. படிக்கட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. மச்சானே முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் வந்தார்.

பிறகு வேலை தேடினார். அனுப்பிய விண்ணப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி நின்றால் ஊரில் மாமனார் மொட்டைமாடியில் துணி காய்வது தெரியும். பதில்கள் எல்லாம் ஒரே வார்ப்பு: உங்கள் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது, வேலை இல்லை. லைசென்ஸ் இல்லாதவர் லிஃப்ட்டின் திருகாணியைக்கூடத் தொட முடியாது. லைசென்ஸ் தருவதற்கு ஒரு வாரியம். வாரியத்துக்கு மொழித் தேர்வு வேண்டும், படிப்பை மதிப்பிட்ட சான்று வேண்டும், அந்த மதிப்பீட்டை மதிப்பிட்ட சான்று வேண்டும். ஒவ்வொன்றும் வந்து சேர எட்டு மாதம், பத்து மாதம். ஒன்று வந்து சேரும்போது முன்னால் வந்தது காலாவதி ஆகியிருக்கும். 

இதற்கு நடுவே வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளும் வேலை கிடைத்தது. சமையல்கூடம் நிலத்தடியில், வார்டுகள் எட்டு மாடிகளில். இரும்பு வண்டிக்கு நாற்பது தட்டு. அதை சர்வீஸ் லிஃப்ட்டில் ஏற்றி மேலே போக வேண்டும், இறக்க வேண்டும், காலி வண்டியோடு கீழே வர வேண்டும், மறுபடி மேலே. ஒரு நாளைக்கு அறுபது தடவை. மாமனார் கேட்ட கேள்வி இருபது வருடம் பொறுத்திருந்து வந்து அவர் முன்னால் நின்றது. ஆமாம் மாமா, தலை சுற்றத்தான் செய்கிறது.

மனைவிக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை. சோடியம், பொட்டாசியம் என்று பதினோரு வருடம் கரும்பலகையில் எழுதிய கை. "இதுவும் கெமிஸ்ட்ரி லேப்தாங்க. ப்ளீச் வாசம் அடிக்கும்போது பீரியாடிக் டேபிள் பூரா ஞாபகம் வருது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பு வருடத்துக்கு வருடம் ஒரு நூல் அளவு குறைந்துகொண்டே வந்ததை லிஃப்ட்காரர் கவனித்திருந்தார். தேய்மானத்தைக் கவனிப்பதுதானே அவர் தொழில். லைசென்ஸ் வந்துவிட்டால் அவளை மறுபடி படிக்க வைத்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அனுப்பிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார். அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

ஆனால் விதி ஒன்று இருந்தது. கடைசி ஐந்து வருடத்துக்குள் லிஃப்ட் வேலை பார்த்திருந்தால்தான் பழைய அனுபவம் செல்லும். ஒரு நாள் தாண்டினாலும் பத்தொன்பது வருடமும் பூஜ்யம். முதலிலிருந்து பயிற்சி ஆளாகச் சேர வேண்டும். பயிற்சி ஆளுக்கு வயது வரம்பு முப்பது. இவருக்கு நாற்பத்தேழு.

மச்சான் இதைத் தமக்கே உரிய இதத்தோடு விளக்கினார். "பால் பாக்கெட் மாதிரி மாப்ள. தேதி தாண்டிருச்சுன்னா நல்லா இருக்கான்னு மோந்துகூடப் பாக்க மாட்டாங்க. அப்படியே தொட்டில கவுத்துருவாங்க."

பத்தொன்பது வருடப் பால் கெட்டுப்போக அறுபத்திரண்டு நாள் இருக்கும்போது வாரியத்திலிருந்து நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. மனைவி சட்டையை எவ்வளவு தேய்த்தாள் என்றால், அதைத் தனியாக நிற்க வைத்திருந்தால் நின்றிருக்கும். மச்சான் லீவு போட்டுவிட்டுக் காரில் அழைத்துப் போனார். வழி நெடுக ஆலோசனை. ரொம்பப் பணிவாக இருக்கக் கூடாது, திருடன் என்று நினைப்பார்கள். ரொம்ப நிமிர்ந்தும் உட்காரக் கூடாது, கம்பெனியை வாங்க வந்தவன் என்று நினைப்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் உண்மையான பதில். கடைசி ஆலோசனைதான் காலை வாரியது.

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தூசி படிந்த ஒரு பிளாஸ்டிக் செடி. எதிரே கோப்பைப் பார்க்கும் ஒரு அம்மாள். பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல அவ்வளவு பதமாக மூன்று கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்று ஊர்களில் மூன்று மேலதிகாரிகள் இவருக்குத் தந்த அனுபவச் சான்றுகள். மூன்றிலும் ஒரே வாக்கியத்தின் கீழே மஞ்சள் கோடு. 'இவர் விடுப்பு எடுத்ததே இல்லை. எடுத்தாலும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் எடுத்தார்.'

ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மூன்று பேர், பல வருட இடைவெளியில், காற்புள்ளி அரைப்புள்ளி மாறாமல் இதை எப்படி எழுதினார்கள், உண்மையில் இதை எழுதியது யார் என்று அம்மாள் விசாரித்தார்.

இங்கேதான் லிஃப்ட்காரர் கோட்டைவிட்டார். அவர் வேலை பார்த்த ஆபீஸ்களில் மேலதிகாரியிடம் போய் எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பது, கல்யாண மாப்பிள்ளையிடம் போய்ப் பந்தியில் இலை போடச் சொல்வதைப் போன்றது. மரியாதை தெரிந்தவன் தானே எழுதி, தானே டைப் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறியும் போட்டு வைப்பான். பெரியவர் போனில் பேசிக்கொண்டே போட்டுத் தருவார். எவ்வளவு பெரியவரோ அவ்வளவு குறைவாகப் படிப்பார். ஆகவே அம்மாள் தம் நடையைப் பாராட்டுவதாகவே லிஃப்ட்காரர் நினைத்தார்.

"நான்தான்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "மூணுமே நான்தான்."

போதாதென்று, தலைமைப் பொறியாளர் கடிதத்தை மட்டும் நான்கு முறை திருத்தியதாகவும் சேர்த்துச் சொன்னார்.

அம்மாள் பேனாவை மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஆனால் லிஃப்ட்காரரின் காதில் அது பிரேக் விழுகிற சத்தமாகக் கேட்டது.

பொல்லாத மனுஷி இல்லை அவர். வெளியே போய் யாரிடமோ இருபது நிமிடம் வாதாடிவிட்டு வந்தார். பக்கத்து அறையில் இதற்கு மோசடி என்று பெயர் வைத்தார்களாம்; இவர்தான் புரிதல் பிழை என்று எழுத வைத்திருந்தார். பழைய கடிதங்கள் செல்லாது. புதிதாக ஒரு படிவம் தந்தார். மேலதிகாரியாக இருந்த ஒருவர், தம் கைப்பட, தம் சொந்த வார்த்தையில் நிரப்பி, தாமே தபாலில் சேர்க்க வேண்டும். என்ன எழுதுவது என்று விண்ணப்பதாரர் சொல்லித் தரக் கூடாது. மொத்தம் ஏழு கேள்வி. ஆறு கேள்விக்கு ஆம், இல்லை என்று குறியிட்டால் போதும். ஏழாவதற்கு அரைப் பக்கம் கோடு போட்டு விட்டிருந்தார்கள். இவருடைய திறமையால் ஓர் ஆபத்து தவிர்க்கப்பட்டதை நீங்கள் நேரில் கண்ட ஒரு சம்பவத்தை விவரிக்கவும்.

மறுநாள் இடைவேளையில், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டார். முதல் அதிகாரியின் வீட்டில் மகன் எடுத்தார். ஐயா போய் எட்டு மாதம் ஆகிறது என்றார். லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எதையுமே படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட தங்கமான மனிதர். இரண்டாமவர் மகள் வீட்டில் இருந்தார். அவரே போனை எடுத்தார். ஆனால் ஞாபகம் கழன்றிருந்தது. நாலு தடவை பெயர் சொல்லியும், "லிஃப்ட் வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வந்துவிட்டது சார் என்று சொல்லி வைத்தார் லிஃப்ட்காரர்.

மிச்சம் மூன்றாமவர். தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரிய சார். குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"அதுக்கென்னப்பா, நீயே எழுதி அனுப்பு. ஒரு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"இல்ல சார். நீங்களே எழுதணுமாம். உங்க கையால."

பெரிய சார் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றுவது கேட்டது.

"நானேவா?"

"ஆமா சார்."

"என்னப்பா எழுதணும்?"

"அத நான் சொல்லக் கூடாதாம் சார்."

"நீ சொல்லாம எனக்கு எப்படிப்பா தெரியும்?"

நியாயமான கேள்விதான். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் பெரிய சார் தம் கையால் எழுதியது தம் பெயரை மட்டும். அதிலும் கடைசிப் பத்து வருடம் பாதிப் பெயர். ஆனாலும் வாக்குக் கொடுத்தார். அடுத்த மூன்று வாரம் லிஃப்ட்காரர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை போன் போட, சாரின் மனைவி நிலவரம் சொன்னார். புதுப் பேனா வாங்கியாயிற்று. புது மூக்குக் கண்ணாடி வாங்கியாயிற்று. எழுதும்போது வீட்டில் யாரும் மிக்ஸி போடக் கூடாது என்று உத்தரவு. அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்துவிட்டு, நாட்டுக்கே புதுச் சட்டம் எழுதுகிறாரோ என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்துவிட்டுப் போனாராம்.

இந்த மூன்று வாரத்தில்தான் சர்வீஸ் லிஃப்ட்டில் அந்த 'டிக்' ஆரம்பித்தது.

நான்காவது மாடியைக் கடக்கும்போது மட்டும் வரும். கொசு நகம் வெட்டினால் எவ்வளவு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. லிஃப்ட்காரருக்கு இடி மாதிரி கேட்டது.

அந்த லிஃப்ட்டைப் பராமரிக்கிறவரை ஊர்க்காரர்கள் ஹீரோ என்பார்கள். லிஃப்ட் சுவரில் ஒட்டிய அட்டையில் மாதா மாதம் அவர் கையெழுத்து வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கும். ஊரில் ஆறு வருடம் லிஃப்ட்காரருக்குக் கீழே வேலை பார்த்தவர். அந்தப் பெயர் வந்த கதை தனி. ஹீரோ பார்த்துக்கொண்ட லிஃப்ட்டுகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல வழியில் நின்றுவிடும். நின்றதும் ஹீரோ ஓடி வருவார், வியர்க்க விறுவிறுக்கக் காப்பாற்றுவார். ஒரு தடவை நிறைமாத கர்ப்பிணி. ஒரு தடவை ஒரு மந்திரியின் மாமியார். ஒரு தடவை நாதஸ்வரக்காரர் உட்பட ஒரு கல்யாண கோஷ்டியே. பத்திரிகையில் படம், மேடையில் சால்வை, வெட்டி ஒட்டிய செய்திகளே தலையணை கனத்துக்கு. இந்த நாட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏழாம் கேள்விக்கு அரைப் பக்கம் போதாமல் தனி நோட்டு இணைத்தார்கள். நாலே மாதத்தில் லைசென்ஸ்.

இத்தனைக்கும் ஹீரோ நல்ல பிள்ளை. பார்த்தால் ஓடி வந்து அண்ணே என்று கையைப் பிடித்துக்கொள்வார். இயந்திரத்திலிருந்து காபி எடுத்துத் தருவார். படிவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "நான் எழுதித் தரேண்ணே. உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டவன் நான்" என்றார். நிஜமாகவே கண்ணில் தண்ணீர். ஆனால் கீழே வேலை பார்த்தவரின் சான்று செல்லாது என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"அத விடு தம்பி. நாலாவது மாடியில ஒரு சத்தம் வருது, கேட்டியா?"

ஹீரோ லிஃப்ட்டில் ஏறி, கண்ணை மூடி, ஒரு சாமியாரைப் போல நின்று பார்த்தார். "ஒன்னும் கேக்கலையேண்ணே."

மாடிக்கு மாடி வெளிக்கதவில் ஒரு பூட்டு இருக்கும். பூட்டோடு ஒரு சின்ன ரப்பர் சக்கரம். லிஃப்ட்டின் கதவில் ஒரு தகடு. போகிற போக்கில் தகடு சக்கரத்தைத் தொடாமல் போக வேண்டும். தொட்டால், யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்று நினைத்து லிஃப்ட் நின்றுவிடும். நான்காவது மாடியில் தகடு சக்கரத்தை உரசிக்கொண்டு போகிறது என்றார் லிஃப்ட்காரர். இரண்டு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிடம்.

"கம்பெனி குடுத்த லிஸ்ட்ல இல்லண்ணே" என்றார் ஹீரோ, வருத்தமாக. "லிஸ்ட்ல இல்லாதத தொட்டா ஏன் தொட்டன்னு கேப்பாங்க. நின்னா கூப்பிடுவாங்க. கூப்பிட்டா வந்துருவேன்."

லிஃப்ட்காரர் சமையல்கூடத்து மேற்பார்வையாளரிடமும் சொன்னார். அவர் பேச்சு வாக்கில் கையால் காட்டிய இடத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது: அங்கீகாரம் பெறாதவர்கள் இயந்திரங்களைத் தொடக் கூடாது. மேற்பார்வையாளர் தொட மட்டும்தான் தடை சொன்னார். கேட்பதற்குத் தடை இல்லை. அறுபது தடவை போய் வந்தால் நூற்றிருபது 'டிக்'.

இருபத்திரண்டாம் நாள் பெரிய சாரிடமிருந்து செய்தி வந்தது. எழுதி முடித்துத் தபாலில் சேர்த்தாகிவிட்டது. ஒரு படமும் எடுத்து அனுப்பியிருந்தார். லிஃப்ட்காரர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுச் சலவைக்கூடத்துக்கு ஓடினார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"ஏழாம் கேள்வி. மூன்று வாரம் யோசித்தேன். அப்படி எந்தச் சம்பவமும் நடக்கவில்லை. என் கீழ் இவர் இருந்த ஒன்பது வருடத்தில் எங்கள் கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறது என்பதே எனக்கு ஞாபகம் வந்ததில்லை. இவர் போன பிறகுதான் வந்தது. நல்ல மனிதர். இப்படிக்கு."

கீழே முழுப் பெயர். பாதி இல்லை, முழுசாக.

லிஃப்ட்காரர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் யாரும் அவரைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. அவரே எழுதிக்கொண்ட மூன்று கடிதத்திலும் இதில் கால்வாசி இல்லை. அரைப் பக்கத்துக்குப் போட்ட கோடுகளில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்ததும் கண்ணில் பட்டது.

மனைவி போனைத் திருப்பித் தந்தாள். ஒரு போர்வையை எடுத்து உதறினாள்.

"ஒரே ஒரு லிஃப்ட்டையாவது நிக்க விட்டிருக்கலாம்ல நீங்க."

"உள்ள ஆள் இருந்திருப்பாங்களே."

"ஆள் இல்லாத நேரமா பாத்து விட்டிருக்கணும். ஊறுகாய் வாங்கக்கூட நல்ல நேரம் பாக்குற ஆளு, இதுக்குப் பாக்கத் தெரியலையா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போர்வையை மடித்தாள். மடிப்பு கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தாள், மறுபடி கோணல். பல லட்சம் போர்வை மடித்த கைக்கு அன்றைக்கு ஒரு போர்வை அடங்கவில்லை.

தபால் போய்ச் சேர்ந்து, வாரியம் அதைப் படித்து, கோப்பு அம்மாள் போன் செய்தபோது ஆறு நாள் மிச்சம் இருந்தது. சான்று போதாது என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு சின்னச் சம்பவம்கூடவா இல்லை, நன்றாக யோசித்துப் பாருங்கள், ஆறு நாளுக்குள் அவரிடமிருந்து இன்னொரு பக்கம் வந்தாலும் கோப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றார். லிஃப்ட்காரர் யோசித்தார். நைந்த வடத்தை நைந்த அன்றே மாற்றியிருந்தார். தேய்ந்த பிரேக்கைத் தேய்ந்த அன்றே மாற்றியிருந்தார். எந்த ஆபத்தும் அவரிடம் வந்து சேரும் அளவுக்கு வளரவே இல்லை.

மச்சானுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. "சாருக்குப் போன் போட்டு ஒரு சம்பவத்த எடுத்து விடுங்க மாப்ள. வடம் அறுந்துச்சு, நீங்க பல்லால கடிச்சுப் பிடிச்சீங்க. எழுத மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

எழுத மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அதுதான் கஷ்டம். லிஃப்ட்காரர் போன் போட்டார். மச்சானும் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள். பெரிய சார் முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னப்பா, போய்ச் சேர்ந்துச்சா? நான் எழுதினது சரியா இருந்துச்சா? மூணு வாரம்பா. கையே வலிக்குது."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றார். "இத விட யாராலயும் எழுத முடியாது."

"அப்ப வேலை கெடச்சிடும்ல?"

"கெடச்சிடும் சார்."

வைத்துவிட்டார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். மனைவி சமையலறைக்குப் போனாள். இரண்டு தம்ளர் காபி போட்டாள். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அறுபத்திரண்டாம் நாள், கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டு வண்டி, நாற்பது தட்டு, நாற்பதிலும் சூப். நான்காவது மாடி வந்தது. 'டிக்' வரவில்லை. 'டக்' என்றது. லிஃப்ட் நின்றது.

சூப் ஒரு தடவை அலையடித்து அடங்கியது. சக்கரம் உடைந்துவிட்டது, துண்டு பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது, நான்காவது மாடியைத் தாண்டி, அதன் தரைக்கு ஒன்றரை அடி மேலே நிற்கிறோம் என்று லிஃப்ட்காரருக்குக் கண்ணால் பார்த்ததுபோலத் தெரிந்தது. உள்ளே இருந்துகொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. மணியை அமுக்கினார். வெளியே யாரோ கதவில் வாயை வைத்து, பயப்பட வேண்டாம், மூச்சை மெதுவாக விடுங்கள், நிபுணருக்குச் சொல்லியாகிவிட்டது என்று கத்தினார்கள். லிஃப்ட்காரர் மூச்சை மெதுவாக விட்டார். வண்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் இருப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

ஒரு மணி பத்து நிமிடம். பிறகு ஹீரோவின் குரல்.

"அண்ணே, நீங்களா? பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்."

"பயம் இல்ல தம்பி. மேல மோட்டார் ரூமுக்குப் போ. மெயின ஆஃப் பண்ணு. பிரேக் லீவர விட்டு விட்டு அழுத்து, ஒன்றரை அடி கீழ இறங்கும். ஒரேயடியா அழுத்திடாத."

"தெரியும்ணே." காலடிச் சத்தம் போயிற்று. திரும்பி வந்தது. "லீவர் எந்தப் பக்கம்ணே?"

"இடது பக்கம். சிவப்பு."

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. கதவு திறந்தது. வெளியே ஒரு கூட்டமே நின்றது, நர்சுகள் கைதட்டினார்கள். ஒருவர் சக்கர நாற்காலியைத் தயாராக வைத்திருந்தார். சமையல்கூடத்து மேற்பார்வையாளர் ஹீரோவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் படம் எடுத்தார். ஹீரோ லிஃப்ட்காரரின் தோளில் கை போட்டுக்கொண்டார். வியர்வை அவருக்கு வழக்கம்போல நன்றாக வந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஹீரோ தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மீட்கப்பட்டவர் கைப்பட எழுதித் தந்தால் அதற்கு ரொம்ப மதிப்பு.

"நீங்க எழுதினா கோர்வையா இருக்கும்ணே. நானே எழுதிட்டு வந்து உங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருப்பேன். இங்க அது தப்பாம்ல."

அதே வாரியம். அதே எழுத்து. நிகழ்ந்த சம்பவத்தை விவரிக்கவும் என்று அரைப் பக்கத்துக்குக் கோடு.

சாப்பாட்டு அறையின் மூலையில் உட்கார்ந்து எழுதினார். என்ன ஒரு எழுத்து என்கிறீர்கள். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. மணி, நிமிடம், எத்தனை அடி, எந்த லீவர், எத்தனை தடவை அழுத்தியது, உள்ளே இருந்தவரின் மனநிலை, வெளியே இருந்தவரின் நிதானம் எல்லாம் கோடு தவறாமல் வந்து உட்கார்ந்தன. அரைப் பக்கம் நிரம்பிப் பின்பக்கத்துக்குப் போனது. பத்தொன்பது வருடத்தில் ஒரு சம்பவம்கூட இல்லாத மனிதருக்கு ஒருவழியாக ஒன்று கிடைத்திருக்கிறதே. லிஃப்ட் நின்றதற்குக் காரணம் என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. ரப்பர் சக்கரம் உடைந்தது என்று எழுதினார். அது உண்மைதான். இரண்டு மில்லிமீட்டரை எழுதினால் லிஸ்ட்டில் இல்லாததற்கு அந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டிவரும். முடிக்கும்போது கை பழக்கத்தில் 'இவர் விடுப்பு எடுத்ததே இல்லை' என்று ஆரம்பித்துவிட்டது. அவசரமாக அடித்தார்.

வேலை முடிந்து மனைவி வந்தாள். விஷயம் சலவைக்கூடம் வரைக்கும் எட்டியிருந்தது. மேலும் கீழும் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன எழுதுறீங்க?"

"சம்பவம்."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். டீச்சர் பார்வை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். "பிழையே இல்ல" என்றாள். திருப்பி வைத்தாள்.

அடியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. சாட்சியின் தொழில். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்க நாலு நிமிடம். வாரிய அலுவலகம் ஐந்துக்கு மூடும். மனைவி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கட்டத்தையும் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். நாலு நிமிடமும் போகட்டும் என்று லிஃப்ட்காரர் காத்திருந்தார். போனது. பிறகு நிதானமாக, பிழையில்லாமல், சாப்பாட்டு வண்டி தள்ளுபவர் என்று எழுதினார். மனைவி மூடியை நீட்டினாள். வாங்கிப் பேனாவை மூடினார்.

மறுநாள் காலை லிஃப்ட் ஓடியது. நான்காவது மாடியில் ஹீரோ புதுச் சக்கரம் மாட்டியிருந்தார், பளபளவென்று. அட்டையில் புதுக் கையெழுத்து. சாப்பாட்டு வண்டி தள்ளுபவர் நாற்பது தட்டோடு ஏறி, பொத்தானை அமுக்கி, சுவரைப் பார்த்து நின்றார். கூட ஏறிய நர்ஸ் ஒருத்தி, நேற்று மாட்டிக்கொண்டது நீங்கள்தானே, ஏறப் பயமாக இல்லையா என்று விசாரித்தாள். இல்லை என்றார். இரண்டு, மூன்று என்று எண்கள் ஏறின.

நான்காவது மாடியில் 'டிக்' என்றது. வண்டி தள்ளுகிறவருக்கு அது கேட்கக் கூடாது. கேட்டது.